நாய்க்குட்டி வளர்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு எலிக்காய்ச்சல் பற்றி

கம்பத்தில் இப்போது தெருவுக்குத் தெரு நாய் வளர்க்கிறார்கள். லாப்ரடார் வருகிறது, பொமரேனியன் வருகிறது. பக்கத்துக் கோம்பையின் பேரைத் தாங்கிய செவலை நாய்களையும் இளவட்டங்கள் மறுபடி தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் குட்டியைக் கையில் ஏந்தி வருகிறவர்கள் என்ன தீனி போடலாம் என்று கேட்கிறார்கள், வெறிநாய் ஊசி எப்போது என்று கேட்கிறார்கள், அதோடு எழுந்துவிடுகிறார்கள். எலிக்காய்ச்சலை யாரும் கேட்பதில்லை. கால்நடை மருத்துவனாக இந்தப் பள்ளத்தாக்கிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தம்பிகளும் தங்கச்சிகளும் பொறுமையாகப் படியுங்கள்.

1. முதலில் நோயின் போக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். லெப்டோஸ்பைரா என்ற சுருள் வடிவக் கிருமி எலி, பெருச்சாளி, வயல் எலி இவற்றின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். அதனால் எலிக்கு ஒரு கேடும் வராது. அது போகிற இடமெல்லாம் மூத்திரத்தோடு கிருமியையும் விட்டுச் செல்லும். ஈர மண்ணிலும் தேங்கிய நல்ல தண்ணீரிலும் கிருமி வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். காய்ந்த தரையிலும் சுள்ளென்ற வெயிலிலும் சீக்கிரம் செத்துப்போகும். அந்தத் தண்ணீரில் நடக்கிற கால், அதைக் குடிக்கிற நாக்கு, அது தெறிக்கிற கண், இவைதான் அதற்கு வாசல். காலில் பெரிய புண் வேண்டியதில்லை. ஒரு சிராய்ப்பு போதும், அல்லது நெடுநேரம் தண்ணீரில் ஊறி வெளுத்த தோல் போதும். மனிதனுக்கும் நாய்க்கும் இதில் வித்தியாசமே இல்லை. மாடு, ஆடு, பன்றியும் இந்தக் கிருமியைச் சுமக்கும். மாட்டில் காய்ச்சல் தெரியாமலே சினை கலைவதும் பால் குறைவதும் உண்டு. தொழுவத்து மூத்திரக் குழியில் நாய் படுத்துப் புரளவிடாதீர்கள்.

2. நம் ஊரின் தண்ணீர்க் கணக்கை மனதில் வையுங்கள். 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் சுரங்கம் வழியாக லோயர் கேம்ப்புக்கு இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஓடுகிறது. அதை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல். அணையில் தண்ணீர் இருக்கிற வருஷத்தில் ஜூன் முதல் தேதியே மதகு திறக்கும், நாற்றங்கால் பாவுவார்கள், வயல் சேறாகும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. ஆக, வருஷத்தில் பாதிக்குமேல் நம் வாய்க்கால் ஓரம் காய்வதில்லை. நெல் விளைகிற இடத்தில் எலி இல்லாமல் இருக்காது. தென்னந்தோப்பில் உரிமட்டைக் குவியல், வாழைத்தோட்டத்தில் சருகு, திராட்சைப் பந்தலடியில் ஈரம், எல்லாமே எலிக்கு வீடு. ஊரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இவ்வளவு செழிப்பான ஊரில் நாய் வளர்க்கிறவனுக்கு ஒரு கவனம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். மதகு திறந்த நாள் முதல் இரண்டு மாதமும், பெருமழைக்குப் பிந்திய மூன்று நான்கு வாரமும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.

3. நாய்மேல் பழி போடாதீர்கள். "நாயால்தான் எங்களுக்குக் காய்ச்சல்" என்று சொல்லிக் சங்கிலியை அவிழ்த்து, ராத்திரியோடு ராத்திரியாகக் குமுளி ரோட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. எனக்கு ஆறாத கோபம் இது. நோயுற்ற நாயின் மூத்திரத்திலிருந்து மனிதனுக்குத் தொற்றலாம், அதை மறைக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. வீட்டுக்காரரும் நாயும் ஒரே வாய்க்கால் வரப்பில் நடக்கிறார்கள், ஒரே கொல்லைச் சாக்கடையைத் தாண்டுகிறார்கள், ஒரே எலி இரண்டு பேர் புழங்கும் இடத்திலும் ஓடுகிறது. நாய் செருப்பில்லாமல் நடக்கிறது, குட்டையில் வாய் வைக்கிறது, எலியைக் கடிக்கிறது. அதனால் பல சமயம் அது முந்தி விழுகிறது. நாய் படுத்துவிட்டது என்றால் உங்கள் கொல்லையில் என்ன இருக்கிறது என்று அது சொல்லிவிட்டது. விரட்டிவிட்டால் நாய்தான் போகும், கிருமி கொல்லையிலேயே இருக்கும். விரட்டப்பட்ட நாய் இன்னொரு தெருவில் போய் மூத்திரம் விடும்.

4. தடுப்பூசி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள்.

வெறிநாய் ஊசி வேறு, இது வேறு. குட்டிகளுக்குப் போடுகிற கூட்டுத் தடுப்பூசியில் டிஸ்டெம்பர், பார்வோ, ஈரல் அழற்சி இவற்றோடு லெப்டோவும் சேர்ந்து வருவது உண்டு, சேராமல் வருவதும் உண்டு. ஊசி போடும்போது இரண்டு குப்பியை எடுப்பார்கள். ஒன்றில் உலர்ந்த மருந்து, இன்னொன்றில் திரவம். பல தடுப்பூசிகளில் அந்தத் திரவத்தில்தான் எலிக்காய்ச்சலுக்கான மருந்து இருக்கிறது. சிலவற்றில் அது வெறும் கரைப்பு நீர். குப்பியின் லேபிளில் 'எல்' என்ற எழுத்தோ லெப்டோ என்ற சொல்லோ இருக்கிறதா என்று பாருங்கள். அந்த லேபிளைக் கிழித்துத் தடுப்பூசி அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபிக்க மாட்டார்.

குட்டிக்கு எட்டு ஒன்பது வாரம் ஆனபின் முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாவது. ஒன்று போட்டுவிட்டு நிறுத்தினால் பயனில்லை. பிறகு வருஷா வருஷம். பார்வோ ஊசி மூன்று வருஷம் தாங்கும் என்று யாராவது சொன்னால் அது உண்மைதான், ஆனால் லெப்டோவுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. ஒரு வருஷம்தான் அதன் தாங்கும் காலம். ஊசியை ஏப்ரல், மே மாதத்தில் வருகிற மாதிரி அமைத்துக்கொண்டால் மதகு திறப்பதற்குள் உடம்பு தயாராக இருக்கும்.

தடுப்பூசி எல்லா வகைக் கிருமியையும் தடுக்காது. இந்தக் கிருமியில் 250-க்கும் மேற்பட்ட உள்வகைகள் உண்டு. பழைய தடுப்பூசிகள் இரண்டே வகையைக் குறிவைத்தவை: நாயில் நிலைபெற்ற கேனிகோலா, எலியில் நிலைபெற்ற இக்டெரோஹெமரேஜியே. இப்போது நான்கு வகை சேர்த்தும் தயாரிக்கிறார்கள். கிடைத்தால் அதைக் கேளுங்கள். உலகச் சிறுபிராணி மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எலிக்காய்ச்சல் புழங்கும் ஊர்களில் இந்த ஊசியைக் கட்டாய வரிசையில் வைத்திருக்கிறது. நம் ஊர் அந்தக் கணக்கில் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போட்ட அன்று சில குட்டிகளுக்கு முகம் வீங்கும், சோர்வு வரும். அதனால் அரை மணி நேரம் ஆஸ்பத்திரி வாசலிலேயே இருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

5. நாய்ச் சோற்றை ராத்திரி வெளியே வைக்காதீர்கள். மிச்சம் கிடக்கிற தட்டுதான் எலியைக் கொல்லைக்கு அழைக்கிறது. வந்த எலி சும்மா போகாது, அந்தத் தட்டிலேயே மூத்திரம் விட்டுப் போகும். காலையில் நாய் அதை நக்கும். தின்று முடித்ததும் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். தீவன மூட்டையை மூடியுள்ள டிரம்மில் போடுங்கள். எலி மருந்து வேண்டாம்: மருந்து தின்ற எலியை நாய் தின்றால் நாய்க்கும் ஆபத்து. பொறியும் கிட்டியும் போதும். செத்த எலியைக் கையால் தூக்கக் கூடாது, பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எடுத்துக் குழியில் புதையுங்கள். "எங்க கருப்பன் ஒரு ராத்திரிக்கு மூணு எலி அடிச்சான்" என்று பெருமை பேசுகிற வீடுகளில் அவனுக்கு ஊசி போட்டாயிற்றா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

6. வாய்க்காலில் நாயைக் குளிப்பாட்டுவதை விடுங்கள். கிணற்றடியிலோ குழாயடியிலோ குளிப்பாட்டுங்கள். நடக்கக் கூட்டிப்போகும்போது தேங்கிய தண்ணீரில் வாய் வைக்க விடாமல், கிளம்புமுன் வீட்டிலேயே வயிறு நிறையக் குடிக்க விடுங்கள். நீங்கள் வயலில் இறங்கினால் கால் சிராய்ப்புக்குத் தண்ணீர் புகாத பிளாஸ்டர் போட்டு இறங்குங்கள், கரையேறியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

7. நாயிடம் நோய் எப்படித் தலைகாட்டும் என்று பார்க்கப் பழகுங்கள். கிருமி உள்ளே போனபின் ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வரும். நாய் தீனியை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வாந்தி எடுக்கும். தசைவலியால் எழுந்திருக்கத் தயங்கும், தொடையைத் தொட்டால் முனகும், முதுகை வளைத்துக்கொண்டு நிற்கும். சில நாய் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்து ஓயாமல் மூத்திரம் விடும். பின்னால் அந்த மூத்திரமே நின்றுபோகும். அது சிறுநீரகம் கைவிடுகிற நேரம். ஈறையும் கண் வெள்ளையையும் காதின் உட்புறத்தையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் தட்டியிருந்தால் ஈரலும் சேர்ந்துவிட்டது. மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போகும், மூக்கிலோ மலத்திலோ ரத்தம் வரும். சிலவற்றுக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்து மூச்சு வாங்கும்.

இந்த அடையாளங்கள் நம் ஊரில் வேறு நோயிலும் வரும். நாய்க்கு உண்ணியால் வருகிற காய்ச்சலிலும் மஞ்சளும் ரத்தக்கசிவும் உண்டு. பார்வோவில் வாந்தி உண்டு. அதனால் பார்த்த மாத்திரத்தில் பேர் வைக்க வேண்டாம். முதல் நாள் தீனி மறுத்தால் கவனியுங்கள். இரண்டாம் நாளும் மறுத்துக் காய்ச்சலும் இருந்தால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போங்கள். மஞ்சள் தெரிகிறவரை காத்திருந்தால் பாதி சிகிச்சைக் காலத்தைத் தொலைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ரத்தம், மூத்திரம் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். முதல் ஊசி மருந்து போடுமுன் ரத்தம் எடுத்தால்தான் கிருமியை மரபணுச் சோதனையில் பிடிக்க முடியும். தேனியிலேயே இப்போது கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மாதவரம் வளாகத்தில் எலிக்காய்ச்சலுக்கென்றே ஆய்வகம் நடக்கிறது. மாதிரியை அங்கே அனுப்பும் வழியை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

8. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி நாய்க்குப் போடாதீர்கள். மனிதருக்கான காய்ச்சல் மாத்திரை நாயின் ஈரலைக் கெடுக்கும், வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். இந்த நோயில் ஏற்கெனவே அடிபட்டு நிற்பவை அந்த இரண்டு உறுப்பும்தான்.

9. மருத்துவர் சொன்ன நாளளவு மருந்தை முடியுங்கள். ஆரம்பத்தில் பெனிசிலின் வகை ஊசி, டிரிப், பிறகு டாக்ஸிசைக்ளின் மாத்திரை இரண்டு வாரம் என்பது வழக்கம். நாலாம் நாள் நாய் வாலாட்டிச் சோறு கேட்கும். அப்போதுதான் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. ரத்தத்தில் இருந்த கிருமிதான் ஊசியில் போயிருக்கிறது. சிறுநீரகத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதை டாக்ஸிசைக்ளின் துடைத்தால்தான் மூத்திரம் சுத்தமாகும். இல்லாவிட்டால் பார்க்க நல்ல நாயாக இருந்துகொண்டே மாதக்கணக்கில் கிருமியைக் கொட்டும். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதற்கும் மருந்து தேவையா என்று கேளுங்கள். தேவைப்படும்.

அந்த நாட்களில் நாயை வெயில் படுகிற, காய்ந்த, சிமென்டுத் தரை உள்ள ஒரே மூலையில் மூத்திரம் போகப் பழக்குங்கள். கையுறையும் செருப்பும் போட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றிக் கழுவி, பின் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றுங்கள். லிட்டருக்கு முப்பது கிராம் அளவு, பத்து நிமிஷம் ஊறட்டும். பீய்ச்சி அடிக்கிற குழாயால் கழுவ வேண்டாம், துளி பறந்து கண்ணில் படும். பிளீச்சிங்கோடு கழிவறை ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், மூச்சடைக்கும் வாயு கிளம்பும். கர்ப்பமாக இருக்கிற பெண்களும் சின்னப் பிள்ளைகளும் அந்தப் பக்கம் போகவே கூடாது. கர்ப்பிணிக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் கரு கலையலாம். மற்றபடி நாயைத் தடவுங்கள், பேசுங்கள், கையைக் கழுவிக்கொள்ளுங்கள். நோய் மூத்திரத்தில் இருக்கிறது. தொடுகையில் இல்லை.

10. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் மூன்று விஷயத்தை அவர் கேட்குமுன் சொல்லுங்கள்: வீட்டில் நாய் அல்லது மாடு இருக்கிறதா, அது இந்த மாதம் நோயுற்றதா இல்லையா, எந்தத் தண்ணீரில் கால் வைத்தீர்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மிடம் காய்ச்சல் என்றால் டெங்கு, டைபாய்டு, மலேரியா என்றுதான் யோசனை ஓடும். எலிக்காய்ச்சலும் அதே மாதிரி திடீர்க் காய்ச்சல், தலைவலி, உடம்புவலியோடுதான் ஆரம்பிக்கிறது. பிரித்துக்காட்டுகிற அடையாளம் சிலது உண்டு. கெண்டைக்கால் தசையை அழுத்தினால் அலறுகிற வலி. பீளை கட்டாமல் கண் மட்டும் சிவப்பது. சில நாளில் மூத்திரம் குறைவது. இந்த நோயைக் கணிக்க மருத்துவ உலகம் பயன்படுத்துகிற ஃபெய்ன் மதிப்பெண் முறையைச் சென்னை மருத்துவர் எஸ். சிவகுமார் 2004-இல் நம் நாட்டுக்கு ஏற்றபடி திருத்தியமைத்தார். அதில் மழைக்கும், அழுக்குத் தண்ணீரில் புழங்கியதற்கும், விலங்குத் தொடர்புக்கும் தனித்தனியே மதிப்பெண் இருக்கிறது. அதாவது உங்கள் வாயிலிருந்து வருகிற தகவலே பரிசோதனையில் ஒரு பகுதி. நீங்கள் சொல்லாவிட்டால் அந்த மதிப்பெண் விழாது.

ரத்தத்தில் எதிர்ப்புப்பொருளைப் பார்க்கும் எலைசா சோதனை முதல் நாலைந்து நாளில் "இல்லை" என்று வரலாம். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமலே மருந்து தொடங்குவதுதான் முறை. மஞ்சள் தெரிந்ததும் கீழாநெல்லி குடித்துப் பத்தியம் இருந்து பத்து நாளைக் கடத்துகிற பழக்கம் நம் பக்கம் வேரோடிப்போயிருக்கிறது. கீழாநெல்லிமேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் காய்ச்சலோடு வருகிற மஞ்சளுக்கு அந்தப் பத்து நாள் உயிரையே கேட்கலாம். கம்பம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மூத்திரம் குறைந்தாலோ மூச்சு வாங்கினாலோ நேரே க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கு. வலி ஊசி போடச் சொல்லிக் கேட்காதீர்கள், நாய்க்குச் சொன்ன காரணம்தான் உங்களுக்கும்.

11. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் வேலை செய்கிறவர்கள், அங்கே எலிப்பனி என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதே நோய்தான். 2018 ஆகஸ்டு வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் இது வேகமாகப் பரவியது. அந்த அரசு வெள்ளத்தில் புழங்கியவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் கொடுத்தது. மருத்துவர் மேற்பார்வையில் ஆபத்துக் காலத்துக்கு மட்டும் உரிய ஏற்பாடு அது. வருஷம் பூராவும் தானாக வாங்கித் தின்கிற மாத்திரை ஆகாது, கர்ப்பிணிக்கும் ஆகாது. தோட்டத்தில் கம்பூட்டு கொடுத்தால் வெயில் காலத்திலும் கழற்றாதீர்கள். தோட்டத்து நாயோடு வந்துபோகிற உங்கள் நாய்க்கும் ஊசி பாக்கி வைக்காதீர்கள். காய்ச்சல் வந்தால் மலைக்கு அந்தப் பக்கம் வேலை செய்ததையும் இங்குள்ள மருத்துவரிடம் சொல்லுங்கள்.

12. காய்ச்சல் தீர்ந்தபின்னும் கண்ணைப் பாருங்கள். 1993 கடைசியில் பெருமழையும் வெள்ளமும் வந்தது. அடுத்த ஆண்டு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு விழிநடுப்படலம் அழற்சியுற்ற நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாகக் கூட்டமாக வந்தார்கள். கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கியிருந்தது. மருத்துவர் எஸ்.ஆர். ரத்தினமும் உடன் ஆராய்ந்தவர்களும் அதன் வேர் எலிக்காய்ச்சல் என்று கண்டு 1997-இல் எழுதினார்கள். கண்ணின் உள்நீரிலேயே கிருமியின் மரபணுவைக் கண்டதும் பிறகு வெளிவந்தது. உலகம் முழுக்க இந்த நோயைப் படிக்கிறவர்கள் அந்த மதுரை ஆய்வைப் படிக்கிறார்கள். வைகைக் கரையில் நடந்த கதை அது. அந்த வைகையில்தான் நம் ஆற்றுத் தண்ணீரும் போய்ச் சேருகிறது. காய்ச்சல் போய் வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் கண் கெடத் தொடங்கும் என்பதால், இரண்டையும் யாரும் முடிச்சுப்போடுவதில்லை. தேனியிலும் அரவிந்த் மருத்துவமனை இருக்கிறது. கண் சிவந்து வெளிச்சம் கூசினால் மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து விட்டுக்கொள்ளாமல் அங்கே போய், போன மழைக்குக் காய்ச்சல் வந்ததைச் சொல்லுங்கள். உரிய நேரத்தில் மருந்து போட்டால் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்பிவிடுகிறது.

13. உங்கள் நாய்க்கு நோய் உறுதியானால் அக்கம்பக்கத்தில் அன்றே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு நாய்க்கும் ஊசி போடுவார்கள், அந்தச் சந்தில் விளையாடுகிற பிள்ளைகள் செருப்புப் போடுவார்கள். சாக்கடை அடைத்துக் கிடந்தால் நாலு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு நகராட்சியில் மனுக் கொடுங்கள், நோய் வந்த தேதியை அதில் எழுதுங்கள். மனுவின் நகல் ஒன்றைச் சுகாதார ஆய்வாளரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி வையுங்கள்.